செல் பரிசோதனை: புற்றுநோய்க்கும் ஆண் மலட்டுத்தன்மைக்கும் லேபில் நடப்பது என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன

ஒரு ஸ்லைடு கெட்டுப்போவது பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்புக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சளிக்குப் பதிலாக எச்சில் வந்திருக்கும். விந்து மாதிரியில் முதல் பகுதி வெளியே சிந்தியிருக்கும். ஆல்கஹாலில் உடனே போட வேண்டிய ஸ்லைடு காற்றில் காய்ந்திருக்கும். அதற்கு மேல் எவ்வளவு திறமையான நோயியல் மருத்துவர் உட்கார்ந்து பார்த்தாலும், இல்லாத செல்லை அவரால் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் மாதிரி கொடுப்பதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வது அதற்கு அடுத்தது.

புற்றுநோயையும் குழந்தையின்மையையும் ஏன் ஒன்றாக எழுத வேண்டும் என்று கேட்கலாம். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: உடலிலிருந்து வந்த செல்லை எடுத்து, சாயமேற்றி, அதன் வடிவத்தையும் எண்ணிக்கையையும் பார்ப்பது. விரையைப் பொறுத்தவரை இந்த இரண்டு பிரச்சினைகளும் ஒரே ஆளிடம் சந்திப்பதும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பது செல் பரிசோதனையா, திசுப் பரிசோதனையா?

இரண்டையும் மக்கள் பொதுவாக ‘பயாப்ஸி’ என்றே சொல்கிறார்கள். வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதி குழப்பம் குறையும். செல் பரிசோதனையில் தனித்தனிச் செல்களோ சிறு கூட்டங்களோ வருகின்றன: தேய்த்து எடுத்தது, தானாக உதிர்ந்து சிறுநீரிலும் சளியிலும் வந்தது, அல்லது மெல்லிய ஊசியால் உறிஞ்சியது. திசுப் பரிசோதனையில் ஒரு துண்டே வருகிறது. செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்திருக்கின்றனவா என்பதெல்லாம் அந்தத் துண்டில்தான் தெரியும்.

தைராய்டு இதற்கு நல்ல உதாரணம். ஃபாலிகுலர் வகைக் கட்டி புற்றா, சாதாரணக் கட்டியா என்பதை ஊசிப் பரிசோதனையால் பிரிக்க முடியாது. கட்டியைச் சுற்றியுள்ள உறையை அது துளைத்திருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கும் விஷயம். உறை ஊசியில் வராது. ‘ஊசி போட்டும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை’ என்று லேபைக் குறை சொல்பவர்கள் உண்டு. அது அந்தப் பரிசோதனையின் எல்லை, யாருடைய தவறும் இல்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தப் பரிசோதனையில் முடிவு தெரிந்துவிடுமா, இல்லை அடுத்ததாக இன்னொன்று தேவைப்படுமா?

படி 2: மாதிரியைச் சரியாகக் கொடுப்பது

கருப்பை வாய் ஸ்மியர், அதாவது பாப் ஸ்மியர். ஜார்ஜ் பாபனிகோலா 1928இல் முதலில் அறிவித்து, 1943இல் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து நூலாக வெளியிட்ட முறை இது. ருமேனியாவில் ஆரெல் பாபெஷும் 1927இலேயே இதே வழியில் கருப்பை வாய்ப் புற்றைக் கண்டறிந்து காட்டியிருந்தார். மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவு, பிறப்புறுப்பில் வைக்கும் மருந்து, உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுதல் எதுவும் வேண்டாம். எடுக்கும்போது கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கருப்பை வாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் வளையத்திலிருந்து தேய்த்து எடுப்பதுதான் முக்கியம். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சளி. இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். இப்படி மூன்று நாள் காலைச் சளி கேட்பது வழக்கம், ஏனென்றால் ஒரு நாளில் தவறும் செல் மறுநாள் வரலாம். வந்தது சளிதானா என்பதை லேபில் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவோம். நுரையீரலின் காற்றறைகளில் தூசியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் தெரிந்தால் அது நுரையீரலிலிருந்து வந்தது. வாயின் தட்டைச் செல்கள் மட்டுமே இருந்தால் எச்சில். அதில் ‘புற்றுச் செல் இல்லை’ என்று எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது.

சிறுநீர். எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் வேண்டாம். இரவு முழுக்கச் சிறுநீர்ப்பையில் ஊறிய செல்கள் சிதைந்திருக்கும். அதற்கு அடுத்த முறை போவதைப் பிடித்து, தாமதிக்காமல் லேபுக்குச் சேர்ப்பியுங்கள். இன்னொன்றும் மனதில் வையுங்கள். தீவிரம் குறைந்த சிறுநீர்ப்பைக் கட்டியின் செல்கள் சாதாரணச் செல்களைப் போலவே இருப்பதால் இந்தப் பரிசோதனையில் அடிக்கடி நழுவிவிடும். சிறுநீரில் ரத்தம் போகிறது, செல் பரிசோதனை நெகட்டிவ் என்றால், விஷயம் முடியவில்லை. குழாய்க் கேமரா விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்ப்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

நெஞ்சுநீர், வயிற்றுநீர். இதை மருத்துவர்தான் எடுப்பார், உங்கள் வேலை குறைவு. 50 மில்லிக்குக் குறையாமல் அனுப்பினால் நல்லது. மிச்சத்தை மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படியும் செல்களை மெழுகுக் கட்டியாக வார்த்து வைக்கலாம். பிறகு சிறப்புச் சாயங்கள் தேவைப்பட்டால் அந்தக் கட்டியிலிருந்து சீவிக்கொள்ளலாம், மறுபடி குத்த வேண்டியதில்லை.

மெல்லிய ஊசி, அதாவது எஃப்.என்.ஏ.சி. 22 முதல் 25 கேஜ் வரையிலான ஊசி. ரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடிமன் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் முன்பே சொல்லிவிட வேண்டும். ‘ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்’ என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப் போடுபவர்களைப் பார்க்க மனது வலிக்கிறது. மார்பகம், தைராய்டு, கழுத்து நெறிக்கட்டி போன்ற இடங்களில் ஊசித் தடத்தில் செல் ஒட்டுவது மிக மிக அரிது. தள்ளிப் போடுவதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. குத்தவே கூடாத இடம் ஒன்று உண்டு, அது விரைக் கட்டி. கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 3: ஸ்லைடு தயாராகும் விதம்

ஸ்லைடில் பரப்பிய கணமே ஒரு முடிவு எடுக்க வேண்டும். பாபனிகோலா சாயத்துக்குப் போகிற ஸ்லைடு ஈரம் காய்வதற்குள் 95% ஆல்கஹாலில் இறங்க வேண்டும். சில நொடிகள் தாமதித்தாலும் செல் உப்பி, உட்கருவின் நுணுக்கங்கள் மங்கிவிடும். ஆனால் கீம்சா வகைச் சாயத்துக்குப் போகிற ஸ்லைடு காற்றில் காய்ந்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு எமன், இன்னொன்றுக்குத் தேவை! ஊசிப் பரிசோதனையில் பெரும்பாலும் இரண்டு விதமாகவும் செய்வோம். காற்றில் காய்ந்த ஸ்லைடை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் போட்டு அனுப்பக்கூடாது. ஃபார்மலின் ஆவி பட்டாலே சாயம் சரியாக ஏறாது. மாதிரியை நீங்களே எடுத்துப் போக நேர்ந்தால் தனித்தனிப் பையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாபனிகோலா முறையில் ஹீமடாக்சிலின் உட்கருவை நீலக்கருப்பாக்குகிறது. ஆரஞ்சு ஜி, ஈ.ஏ. என்ற மற்ற இரண்டும் செல்லின் உடலுக்கு நிறம் தருகின்றன: கெரட்டின் நிறைந்தவை ஆரஞ்சு, இளம் செல்கள் நீலப்பச்சை. அழகுக்காக அல்ல; ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே வேறுபட்ட ஒன்று கண்ணை இழுப்பது இந்த நிற பேதத்தால்தான்.

படி 4: மைக்ரோஸ்கோப்பில் தேடுவது என்ன

முதல் கேள்வி: போதுமான செல் இருக்கிறதா? தேய்த்துப் பரப்பும் பழைய முறை பாப் ஸ்மியரில் சுமார் 8,000 தட்டைச் செல்களாவது இருக்க வேண்டும், செல்களைத் திரவத்தில் கலந்து அனுப்பும் திரவ முறையில் 5,000. தைராய்டு ஊசியில் பத்துப் பத்துச் செல்களாக ஆறு கூட்டங்களாவது வேண்டும்.

அதன்பின் உட்கரு. செல்லின் அளவோடு ஒப்பிட்டால் உட்கரு பெருத்திருக்கிறதா, சாயம் அடர்ந்து ஏறியிருக்கிறதா, அதன் விளிம்பு சுருக்கமும் மடிப்புமாக இருக்கிறதா, உள்ளே குரோமட்டின் என்ற மரபுப்பொருள் திட்டுத் திட்டாகக் கிடக்கிறதா, உட்கருமணி துருத்திக்கொண்டு தெரிகிறதா, பக்கத்துச் செல்லோடு ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கிறதா. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து யாரும் புற்று என்று எழுதமாட்டார்கள். அழற்சியிலும், கதிர்வீச்சு பட்ட பிறகும், காயம் ஆறும்போதும் செல்கள் இதில் சிலவற்றைக் காட்டும். நெஞ்சுநீரில் உள்ள மீசோதீலியச் செல்கள் (நெஞ்சறையின் உட்பரப்பை மூடியிருப்பவை) சீண்டப்பட்டால் புற்றுச் செல் போலவே வேடம் போடும். அப்போதுதான் கால்ரெட்டினின், டி.டி.எஃப்.-1 போன்ற புரதங்களைக் குறிவைக்கும் சாயங்கள் உதவுகின்றன: முதலாவது மீசோதீலியச் செல்லைக் காட்டிக்கொடுக்கும், இரண்டாவது நுரையீரல், தைராய்டு வழி வந்ததை.

படி 5: ரிப்போர்ட்டை வாசிப்பது

முதலில் ‘போதுமானது’, ‘போதாதது’ என்ற வரியைத் தேடுங்கள். பலர் அதைத் தாண்டி நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுகிறார்கள். போதாத மாதிரி என்றால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. திரும்பக் கொடுக்க வேண்டும் என்று பொருள்.

பாப் ஸ்மியரில் பெதஸ்தா என்னும் முறையில் எழுதுவார்கள்; 1988இல் வந்து பலமுறை திருத்தப்பட்டது. என்.ஐ.எல்.எம். என்றால் கோளாறு இல்லை. ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்றால் ஏதோ மாற்றம், என்னவென்று உறுதி இல்லை, கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸ் பரிசோதனை செய்து அடுத்த வழியை முடிவு செய்வார்கள். எல்.எஸ்.ஐ.எல். என்பது பெரும்பாலும் அந்த வைரஸ் தொற்றின் அடையாளம், பல பெண்களிடம் தானாகவே மறைந்துவிடும். எச்.எஸ்.ஐ.எல். வந்தால் தாமதம் கூடாது: கோல்போஸ்கோப்பி (பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பது) செய்து, திசுத் துண்டு எடுக்க வேண்டும். கவனியுங்கள், இந்த நான்கில் எதுவும் புற்றுநோய் இல்லை. எச்.எஸ்.ஐ.எல். என்ற எழுத்துகளைப் பார்த்து நொறுங்கிப்போகிறார்கள். உண்மையில் புற்றாக மாறுமுன்பே தடுக்கக் கிடைத்த அவகாசம் அது.

ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘சந்தேகத்துக்குரியது’ என்று இருந்தால், மருத்துவர் தொட்டுப் பார்த்ததும், ஸ்கேனும், செல்லும் ஒரே திசையில் பேசுகின்றனவா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று முரண்பட்டால் திசுப் பரிசோதனைதான் வழி. ஸ்லைடுகளை வாங்கி வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டவும் உங்களுக்கு வழி உண்டு. அதை அவமதிப்பாக நல்ல மருத்துவர் யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்.

படி 6: விந்து மாதிரி கொடுப்பது

சரி, அடுத்த பாதி. குழந்தை இல்லை என்றதும் மனைவியை மட்டும் பரிசோதனை மேல் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கணவர் வருடக்கணக்கில் தள்ளி நிற்பது எனக்கு ஆறாத வருத்தம். விந்துப் பரிசோதனையில் வலி கிடையாது, ஊசி கிடையாது. இருவரும் முதல் நாளிலேயே பரிசோதித்துக்கொள்வதுதான் நியாயம்.

விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். அதிக நாள் சேர்த்து வைத்தால் நல்ல ரிசல்ட் வரும் என்ற எண்ணம் தவறு. எண்ணிக்கை கூடினாலும் நகரும் திறன் குறையும். கையையும் உறுப்பையும் கழுவித் துடைத்துவிட்டு, லேப் கொடுத்த அகலவாய் டப்பாவில் நேரடியாகச் சேகரியுங்கள். எண்ணெய், சோப்பு, எச்சில், வழுவழுப்பு ஜெல் எதுவும் படக்கூடாது. சாதாரண ஆணுறையும் ஆகாது, அதில் உள்ள பொருள்கள் விந்தணுவைக் கெடுக்கும்.

விந்தணுக்கள் அதிகம் இருப்பது முதலில் வரும் பகுதியில். அது சிந்திவிட்டால், மீதி எவ்வளவு இருந்தாலும் கணக்கு தப்பாகிவிடும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், ‘கொஞ்சம் சிந்திவிட்டது’ என்று டெக்னீஷியனிடம் சொன்னால் போதும், குறித்துக்கொண்டு வேறொரு நாள் வரச் சொல்வார். லேபிலேயே கொடுப்பது சிறந்தது. வீட்டிலிருந்து கொண்டுவருவதானால் டப்பாவை உடலோடு ஒட்டி வைத்து, குளிரும் வெயிலும் படாமல் அரை மணி நேரத்துக்குள் சேருங்கள், ஒரு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. வெளியேறிய நேரத்தைச் சரியாக எழுதுங்கள்.

சொல்ல வேண்டிய இன்னும் இரண்டு. கடந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்ததா? ஒரு விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம் போல ஆகும். அன்றைய காய்ச்சலின் பாதிப்பு இன்றைய டப்பாவில் தெரியும். அடுத்து, உடலை முறுக்கேற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ எடுக்கிறீர்களா? வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி பூஜ்யம் வரை இறங்கலாம். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போட்ட ஊசியே தந்தையாவதைத் தடுப்பது பலருக்குத் தெரிவதில்லை.

படி 7: லேபில் எண்ணுவது

வெளியேறிய விந்து முதலில் கூழாக உறையும். 37 டிகிரி சூட்டில் வைத்தால் 15 முதல் 30 நிமிடத்தில் இளகிவிடும். ஒரு மணி நேரமாகியும் இளகாவிட்டால் அதைக் குறிப்போம். அளவு பார்த்து, ஒரு துளியை ஸ்லைடில் வைத்து நகர்வைப் பார்க்கிறோம்: முன்னோக்கி நீந்துபவை, இருந்த இடத்தில் துடிப்பவை, அசையாதவை. அசையாததெல்லாம் செத்தது இல்லை. இயோசின் சாயம் விட்டால் செத்த விந்தணு இளஞ்சிவப்பாகும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாமல் வெள்ளையாக நிற்கும்.

எண்ணிக்கைக்கு நியூபவர் என்ற கட்டமிட்ட கண்ணாடி. இரண்டு தனித்தனித் துளிகளிலும் குறைந்தது 200 விந்தணுவீதம் எண்ணி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். 400 எண்ணினால் கணக்குப் பிழை சுமார் 5%, நூறோடு நிறுத்தினால் 10% ஆகிவிடும். கடைசியாக, சாயமேற்றிய ஸ்லைடில் 200 விந்தணுக்களின் தலை, கழுத்து, வாலை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. தலை நீள்வட்டமாக, சுமார் 4 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்க வேண்டும். அதன் 40 முதல் 70% வரை அக்ரோசோம் என்ற தொப்பி மூடியிருக்க வேண்டும்.

படி 8: எண்களைப் பார்த்துப் பதறாமல் இருப்பது

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30%, நகர்பவை மொத்தம் 42%, உயிருள்ளவை 54%, சரியான வடிவம் 4%.

இந்த எண்கள் வந்த விதம் தெரிந்தால் பயம் குறையும். ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் விந்தை எடுத்துப் பரிசோதித்து, வரிசையில் அடியிலிருந்து 5% இடத்தில் கோடு கிழித்தார்கள். அதாவது தந்தையான ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே. கோட்டுக்கு மேலே இருந்தும் குழந்தை தாமதமாகிறவர்களும் உண்டு. ‘96% கோளாறான விந்தணுவாம்’ என்று கலங்கி நிற்பவருக்கு நான் சொல்வது இதுதான்: 4% சரியாக இருந்தாலே நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

ஒரே ஆளின் விந்தே வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு ரிப்போர்ட் சரியில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்காமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

படி 9: விந்தணுவே இல்லை என்று வந்தால்

அஸோஸ்பெர்மியா என்று எழுதுவதற்கு முன் லேப் மாதிரியை அதிவேகத்தில் சுழற்றி, அடியில் படிந்ததையும் தேடியிருக்க வேண்டும். தேடினார்களா என்று கேளுங்கள். அங்கே ஒன்றிரண்டு கிடைத்தாலும் சிகிச்சையின் பாதையே மாறும்.

உண்மையிலேயே இல்லை என்றால் கேள்வி: உற்பத்தி இல்லையா, வழி அடைத்திருக்கிறதா? விந்தின் அளவு குறைவு, அமிலத்தன்மை, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் விந்துக் குழாய் பிறவியிலேயே இல்லாமலிருக்கலாம், அதற்குக் காரணமாகக்கூடிய சி.எஃப்.டி.ஆர். மரபணுவைக் கணவன், மனைவி இருவருக்கும் பார்ப்பார்கள். அளவு மிகக் குறைவாக இருந்தால், விந்து பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போகிறதா என்று அடுத்த சிறுநீரைப் பரிசோதிப்பதும் வழக்கம். விரை சிறியது, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் அதிகம் என்றால் உற்பத்திக் குறை; குரோமோசோமையும் ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதிகளையும் பார்க்க வேண்டும்.

விரையிலிருந்து ஊசியாலோ துண்டாகவோ எடுத்துப் பார்க்கும்போது, விந்தணு உருவாகும் படிகளில் எது வரை வந்து நின்றிருக்கிறது என்று தெரியும். ஜான்சன் 1970இல் தந்த 1 முதல் 10 வரையிலான மதிப்பெண் இன்றும் பயன்படுகிறது: முழு உற்பத்தி நடந்தால் 10, விந்தணுவைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல் மட்டும் என்றால் 2. ஒரே விரையில் ஒரு மூலை வறண்டிருக்க, இன்னொரு மூலையில் விந்தணு உருவாகிக்கொண்டிருக்கலாம். அதனால் ஒரு சிறு துண்டின் முடிவை முழு விரைக்கும் பொருத்திவிடக் கூடாது. இந்தத் துண்டைச் சாதாரண ஃபார்மலினில் போட்டால் செல்கள் சுருங்கிப்போகும்; பூவான் கரைசல் போன்றவை தேவை.

படி 10: இரண்டும் சந்திக்கும் இடம்

டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்காகெபெக், குழந்தையின்மைக்காக எடுத்த விரைத் துண்டுகளில், கட்டியாகும் முன்பே பதுங்கியிருக்கும் புற்றுச் செல்களை 1972இல் விவரித்தார். விந்துக் குறைபாடுள்ள ஆண்களுக்கு விரைப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பது இப்போது தெரிந்த விஷயம். ஆகவே குழந்தைக்காகப் போகும் ஆண் விரையையும் மருத்துவரிடம் தொட்டுப் பார்க்கச் செய்ய வேண்டும், குறிப்பாகச் சிறு வயதில் விரை இறங்காமல் இருந்திருந்தால்.

வலியில்லாத கெட்டியான கட்டி தென்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ரத்தத்தில் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற கட்டியைக் காட்டிக்கொடுக்கும் பொருள்கள் மூன்றும் பார்ப்பார்கள். விரைப்பை வழியாக ஊசி குத்தக்கூடாது என்று முன்பே சொன்னேன். விரையின் நிணநீர் வயிற்றின் பின்பக்கம் போகிறது, விரைப்பைத் தோலின் நிணநீர் தொடை இடுக்குக்குப் போகிறது. தோலைத் துளைத்தால் நோய்க்குப் புதுப் பாதை திறந்துவிடலாம். அறுவை சிகிச்சையும் இடுப்பு மடிப்பு வழியாகத்தான்.

எந்தப் புற்றுநோயாக இருந்தாலும், கீமோ தொடங்கும் முன் விந்தை உறைய வைக்க வேண்டுமா என்று ஆண் நோயாளி கேட்டாக வேண்டும். சிகிச்சையின் பரபரப்பில் இதை யாரும் நினைவூட்டாமல் போவதுண்டு, ஆகவே நீங்களே கேளுங்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பல வருடம் வைக்கலாம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தயங்க வேண்டாம். ஒரு முட்டைக்குள் ஒரே விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறை 1992 முதல் இருக்கிறது. இரண்டு மூன்று மாதிரி கொடுக்க நேரம் இல்லை என்றால் ஒன்றாவது கொடுங்கள். மருந்து உடலில் ஏறத் தொடங்கிய பிறகு எடுக்கும் மாதிரியில் மரபணுச் சேதம் இருக்கலாம் என்பதால், முதல் டோஸுக்கு முந்தைய நாள் வரைதான் இதற்கு நேரம்.